கட்டற்ற மென்பொருளில் இயங்குதளப் பாதுகாப்பும் பயனர் சுதந்திரமும்

கட்டற்ற மென்பொருளில் இயங்குதளப் பாதுகாப்பும் பயனர் சுதந்திரமும் என்பது, கணினியைத் தீநிரல்களிலிருந்தும் அத்துமீறல்களிலிருந்தும் காக்கும் ஏற்பாடுகளுக்கும், அக்கணினியின் மென்பொருளை இயக்கவும் ஆராயவும் மாற்றவும் பகிரவும் பயனருக்கு உள்ள உரிமைக்கும் இடையே சமநிலை காண்பது பற்றிய சிக்கலாகும். இவ்விரண்டும் இயல்பாகவே முரண்பட்டவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் கட்டற்ற மென்பொருள் வரலாற்றில் எழுந்த பெரும்பாலான சர்ச்சைகள், பூட்டு வேண்டுமா வேண்டாமா என்பதைப் பற்றியவையாக இல்லாமல், பூட்டின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பற்றியவையாகவே இருந்துள்ளன. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனத்தின் லினக்ஸ் மாற்றம், சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ், மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் ஆகியவற்றால் இச்சிக்கல் இங்குள்ள பயனர்களுக்கும் நேரடித் தொடர்புடையதாக உள்ளது.

அடிப்படைக் கருத்துகள்

கட்டற்ற மென்பொருள் என்பது பயனருக்கு நான்கு சுதந்திரங்களை அளிக்கும் மென்பொருளாகும். அவை எந்த நோக்கத்திற்காகவும் நிரலை இயக்குதல், மூலநிரலை ஆராய்ந்து தேவைக்கேற்ப மாற்றுதல், படிகளைப் பிறருக்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் பிறருக்கு வழங்குதல் என்பனவாகும். இங்கு 'கட்டற்ற' என்பது விலையைக் குறிப்பதன்று, உரிமையையே குறிக்கிறது. விலை கொடுத்து வாங்கிய நிரலும் கட்டற்றதாக இருக்கலாம், இலவசமாகக் கிடைக்கும் நிரல் கட்டுடையதாகவும் இருக்கலாம்.

இயங்குதளப் பாதுகாப்பு என்பது மூன்று நோக்கங்களைக் கொண்டது. தகவல்கள் உரியவரைத் தவிர வேறெவருக்கும் தெரியாதிருத்தல், அவை அனுமதியின்றி மாற்றப்படாதிருத்தல், தேவைப்படும்போது கணினி செயற்படும் நிலையில் இருத்தல் என்பன அவை. இதற்காக இயங்குதளம் ஒரு பயனரின் கோப்புகளை மற்றொருவரிடமிருந்தும், ஒரு நிரலின் நினைவகத்தை மற்றொரு நிரலிடமிருந்தும் பிரித்து வைக்கிறது.

பாதுகாப்பு என்னும் சொல் யாரிடமிருந்து பாதுகாப்பு என்பதைப் பொறுத்துப் பொருள் மாறுகிறது. வெளியிலிருந்து வரும் தாக்குநரிடமிருந்து கணினியின் உரிமையாளரைக் காப்பது ஒரு வகை. கணினியின் உரிமையாளரிடமிருந்தே, அதை விற்ற நிறுவனத்தின் அல்லது உள்ளடக்க உரிமையாளரின் நலனைக் காப்பது மற்றொரு வகை. திரைப்படங்களைப் படியெடுக்க விடாமல் தடுக்கும் எண்ணிம உரிமைக் கட்டுப்பாடு இரண்டாம் வகைக்கு எடுத்துக்காட்டாகும். இரு வகைக்கும் ஒரே தொழில்நுட்பம் பயன்படக்கூடும் என்பதே இச்சிக்கலின் வேராகும்.

வரலாறு

1970களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பயன்பட்ட இயங்குதளத்தில், தொடக்கக் காலத்தில் கடவுச்சொற்களோ கோப்புக் காவலோ இருக்கவில்லை. எவரும் எக்கோப்பையும் திருத்த முடிந்தது. அங்குப் பணியாற்றிய ரிச்சர்ட் இசுடால்மன், பின்னர் கடவுச்சொல் முறை புகுத்தப்பட்டபோது அதனை எதிர்த்தார். சிறு குழுவினர் எல்லாப் பயனர்கள் மீதும் அதிகாரம் செலுத்தும் வழியாகவே அவர் அதைக் கண்டார். 1983 ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று அவர் குனூ திட்டத்தை அறிவித்தார். 1985 ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

இக்கருத்து குனூ மென்பொருளிலும் தடம் பதித்தது. ஒரு பயனர் முதன்மைப் பயனரின் அதிகாரத்தைப் பெறுவதற்கான சூ என்னும் கட்டளையை, குறிப்பிட்ட குழுவினர் மட்டுமே பயன்படுத்தலாம் என்னும் கட்டுப்பாடு சில யூனிக்ஸ் அமைப்புகளில் இருந்தது. குனூவின் சூ கட்டளை இக்கட்டுப்பாட்டை வேண்டுமென்றே ஏற்கவில்லை. சிலர் பிறர்மீது முழு அதிகாரம் செலுத்த முயலும்போது பொதுப் பயனர்களின் பக்கம் நிற்பதே நோக்கம் என்று அதன் கையேடு காரணம் கூறியது.

பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒருவரையொருவர் அறிந்தவர்களிடையே இயன்ற இந்த நம்பிக்கை, இணையத்தோடு இணைந்த உலகிற்குப் பொருந்தவில்லை. 1990களில் பரவிய குனூ/லினக்ஸ் வழங்கல்கள் யாவும் கடவுச்சொல்லையும் கோப்பு அனுமதிகளையும் ஏற்றுக்கொண்டன. எனினும் சொந்தக் கணினியில் முதன்மைப் பயனராக இருக்கும் உரிமை அதன் உரிமையாளருக்கே உண்டு என்னும் கொள்கை தொடர்ந்தது.

பாதுகாப்பு முறைகளும் சர்ச்சைகளும்

முதன்மைப் பயனர் அதிகாரம்

யூனிக்ஸ் மரபில் ரூட் எனப்படும் முதன்மைப் பயனருக்கு எல்லையற்ற அதிகாரம் உண்டு. அவர் பெயரில் இயங்கும் நிரலில் ஓர் ஓட்டை இருந்தால் முழுக் கணினியும் தாக்குநர் வசமாகிவிடும். 2004 ஆம் ஆண்டு வெளியான உபுண்டு இதற்கு ஒரு நடுவழியைக் கையாண்டது. அதில் முதன்மைப் பயனராக நேரடியாக நுழைவது இயல்பிருப்பில் முடக்கப்பட்டுள்ளது. சூடோ என்னும் கட்டளையின் மூலம், தேவையான ஒரு செயலுக்கு மட்டும் தன் கடவுச்சொல்லைக் கொடுத்துப் பயனர் அந்த அதிகாரத்தைப் பெறலாம். அதிகாரம் பறிக்கப்படவில்லை, ஆனால் தவறுதலாகப் பயன்படுத்துவது கடினமாக்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 ஆம் ஆண்டு வெளியிட்ட எசுஇலினக்ஸ், முதன்மைப் பயனரின் பெயரில் இயங்கும் நிரல்களையும் கொள்கை விதிகளால் கட்டுப்படுத்துகிறது. இது 2003 ஆம் ஆண்டு லினக்ஸ் கருனியில் சேர்க்கப்பட்டது. உளவு அமைப்பு ஒன்று எழுதிய நிரலை நம்பலாமா என்னும் ஐயம் எழுந்தபோதிலும், அதன் மூலநிரல் எவரும் படிக்கும் வகையில் இருப்பதும், உரிமையாளர் விரும்பினால் விதிகளை மாற்றவோ முழுமையாக முடக்கவோ இயல்வதும் அதனை ஏற்கத்தக்கதாக்கின.

பொதிகளும் மின்கையொப்பமும்

குனூ/லினக்ஸ் வழங்கல்களில் மென்பொருள்கள் பொதிகளாகக் களஞ்சியங்களில் வைக்கப்படுகின்றன. ஒவ்வொரு களஞ்சியமும் மின்கையொப்பம் இடப்பட்டது. பதிவிறக்கும் பொதி வழியில் மாற்றப்படவில்லை என்பதை இயங்குதளம் தானே சரிபார்க்கிறது. பயனர் வேறொரு களஞ்சியத்தை நம்பினால் அதன் திறவுகோலையும் தன் கணினியில் சேர்க்கலாம். எவரை நம்புவது என்னும் பட்டியல் பயனரின் கையில் இருப்பதால், கட்டற்ற மென்பொருள் சமூகத்தில் இம்முறைக்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை.

பாதுகாப்பான தொடக்கம்

இயங்குதளம் தொடங்கும் முன்பே நுழையும் தீநிரல்களை, இயங்குதளத்திற்குள் இருந்து கண்டறிவது மிகக் கடினம். இதற்குத் தீர்வாகக் கணினியின் நிலைபொருள், ஏற்கப்பட்ட கையொப்பம் உள்ள தொடக்கநிரலை மட்டுமே இயக்கும் முறை உருவானது. இது பாதுகாப்பான தொடக்கம் எனப்படுகிறது. 2011 ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம், விண்டோசு 8 சான்று பெறும் கணினிகளில் இம்முறை இருக்க வேண்டும் என்று அறிவித்தது. அதனால் பெரும்பாலான கணினிகளில் மைக்ரோசாப்டின் திறவுகோலே முன்கூட்டிப் பதிக்கப்பட்டு வந்தது.

இதனால் பிற இயங்குதளங்களை நிறுவ இயலாமற் போகும் என்னும் அச்சம் எழுந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, உரிமையாளரால் திறவுகோல்களை மாற்ற இயலாத நிலையில் அதனைப் 'பாதுகாப்பான தொடக்கம்' என்னாது 'கட்டுப்படுத்தப்பட்ட தொடக்கம்' என்றே அழைக்க வேண்டும் எனக் கூறிப் பரப்புரை செய்தது. எதிர்ப்பின் பின்னணியில் வெளியான விதிகள், மேசைக் கணினிகளிலும் மடிக்கணினிகளிலும் உள்ள இன்டெல் வகைச் செயலிகளில் உரிமையாளர் இம்முறையை முடக்க இயல வேண்டும் என்றன. ஆர்ம் வகைச் செயலி கொண்ட விண்டோசு 8 கருவிகளில் அவ்வாறு முடக்குவதற்கு இடமளிக்கப்படவில்லை. 2015 ஆம் ஆண்டு வெளியான விண்டோசு 10 காலத்தில், முடக்கும் வசதியைத் தருவதா என்பது கணினி உற்பத்தியாளரின் விருப்பத்திற்கு விடப்பட்டது.

லினக்ஸ் வழங்கல்கள் இதற்கு 'சிம்' என்னும் சிறிய தொடக்கநிரலை உருவாக்கின. அது மைக்ரோசாப்டின் கையொப்பம் பெற்றது. அதன்பின் அது வழங்கலின் சொந்தத் திறவுகோலைக் கொண்டு அடுத்த நிரல்களைச் சரிபார்க்கிறது. சூசே நிறுவனத்தின் பொறியாளர்கள் 2012 ஆம் ஆண்டு முன்மொழிந்த கருத்தின்படி, கணினி உரிமையாளர் தன் சொந்தத் திறவுகோலையும் இதில் பதிவு செய்யலாம். இதனைச் செய்ய, கணினி தொடங்கும்போது விசைப்பலகை முன் அமர்ந்து உறுதிப்படுத்த வேண்டும். தொலைவிலுள்ள தாக்குநரால் இது இயலாது, கணினியைக் கையில் வைத்திருப்பவரால் இயலும். உபுண்டு 2012 ஆம் ஆண்டிலும், பெடோரா 2013 ஆம் ஆண்டிலும், டெபியன் 2019 ஆம் ஆண்டிலும் பாதுகாப்பான தொடக்கத்திற்கான ஆதரவைச் சேர்த்தன.

எனினும் முதற்சாவி வேறொருவரிடம் இருப்பதன் விளைவு நீங்கவில்லை. 2024 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் மைக்ரோசாப்ட் வெளியிட்ட இற்றைப்படுத்தல் ஒன்று, பாதுகாப்பு ஓட்டை கொண்ட பழைய தொடக்கநிரல்களைத் தடை செய்தது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளை அது பாதிக்கக்கூடாது என்பதே நோக்கமாக இருந்தபோதிலும், அத்தகைய கணினிகள் பலவற்றில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. தடையின் காரணம் உண்மையான பாதுகாப்புச் சிக்கலே. ஆனால் அம்முடிவில் அக்கணினிகளின் உரிமையாளர்களுக்குப் பங்கில்லை.

கருனிப் பூட்டல்

2019 ஆம் ஆண்டு வெளியான லினக்ஸ் 5.4 பதிப்பில் பூட்டல் என்னும் வசதி சேர்க்கப்பட்டது. இது இயங்கிக் கொண்டிருக்கும் கருனியை முதன்மைப் பயனராலும் மாற்ற முடியாதபடி தடுக்கிறது. பல வழங்கல்கள் பாதுகாப்பான தொடக்கம் இயங்கும்போது இதனைத் தாமாகவே செயற்படுத்துகின்றன. அந்நிலையில் கையொப்பமற்ற வன்பொருள் இயக்கிகளை ஏற்ற முடிவதில்லை. கணினியின் நிலையை வன்தட்டில் சேமித்து அணைக்கும் வசதியும் முடக்கப்படுகிறது. வேண்டுவோர் சொந்தத் திறவுகோலால் இயக்கிக்குக் கையொப்பமிடலாம், அல்லது பாதுகாப்பான தொடக்கத்தை முடக்கலாம். வழி இருந்தாலும் அது தொடக்கநிலைப் பயனருக்கு எளிதன்று என்பது இதன்மீதான குறையாகும்.

நகர்பேசிகள்

ஆண்ட்ராய்டு இயங்குதளத்தின் கருனி லினக்ஸ் ஆகும். அதன் அடிப்படைப் பகுதியின் மூலநிரலும் திறந்தே உள்ளது. ஆயினும் பல நகர்பேசிகளில் தொடக்கநிரல் பூட்டப்பட்டிருப்பதால், மாற்றிய இயங்குதளத்தை நிறுவ முடிவதில்லை. மூலநிரலைப் படிக்கும் உரிமை உண்டு, அதை மாற்றித் தன் கருவியிலேயே இயக்கும் உரிமை நடைமுறையில் இல்லை. பூட்டைத் திறந்தாலும், திறக்கப்பட்ட கருவிகளில் பல வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் இயங்க மறுக்கின்றன. அன்றாடப் பணப்பரிமாற்றம் நகர்பேசி வழியாக நடைபெறும் இந்தியாவில் இது பெரிய தடையாகும்.

கூகுளின் பிக்சல் நகர்பேசிகளில் உரிமையாளர் பூட்டைத் திறந்து, வேறோர் இயங்குதளத்தையும் அதன் திறவுகோலையும் பதித்து, மீண்டும் பூட்டிக்கொள்ள முடியும். பாதுகாப்பை முதன்மையாகக் கொண்ட கிராபீன் ஓஎசு இவ்வசதியைப் பயன்படுத்துகிறது. பூட்டும் சுதந்திரமும் ஒரே கருவியில் இணைந்திருக்கலாம் என்பதற்கு இது சான்றாகும்.

உரிமங்களின் நிலைப்பாடு

டிவோ என்னும் நிகழ்படப் பதிவுக் கருவியில் லினக்ஸ் பயன்பட்டது. அதன் மூலநிரல் உரிமப்படி வழங்கப்பட்டது. ஆனால் மாற்றிய நிரலை அக்கருவி இயக்க மறுத்தது. இந்நடைமுறை 'டிவோவாக்கம்' எனப் பெயர்பெற்றது. இதற்கு விடையாகக் குனூ பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வரையப்பட்டது. அதன் வரைவு குறித்த பன்னாட்டு மாநாடுகளுள் நான்காவது 2006 ஆம் ஆண்டு ஆகத்து மாதம் பெங்களூரில் நடைபெற்றது. இறுதி உரிமம் 2007 சூன் 29 அன்று வெளியானது.

இவ்வுரிமம் சமநிலையை நுணுக்கமாக வரையறுக்கிறது.

• தனிநபர் அல்லது வீட்டுப் பயன்பாட்டிற்கான கருவிகளை விற்போர், மாற்றிய நிரலை அக்கருவியில் நிறுவத் தேவையான திறவுகோல்கள் உள்ளிட்ட தகவலையும் தர வேண்டும்.
• நிறுவனங்களின் பயன்பாட்டிற்கான கருவிகளுக்கு இந்நிபந்தனை இல்லை.
• தயாரிப்பாளர் உட்பட எவராலும் மாற்ற முடியாதபடி நினைவகத்தில் நிலையாகப் பதிக்கப்பட்ட நிரலுக்கும் இந்நிபந்தனை இல்லை.
• மாற்றிய நிரல் வலையமைப்பின் இயக்கத்தைக் கடுமையாகப் பாதித்தால் வலையமைப்பு இணைப்பை மறுக்கலாம்.
• மாற்றிய கருவிக்குத் தொடர்ந்து சேவையோ உத்தரவாதமோ தர விற்பனையாளர் கடமைப்பட்டவர் அல்லர்.

லினக்ஸ் கருனியின் முதன்மை உருவாக்குநரான லினசு டோர்வால்ட்சு இதனை ஏற்கவில்லை. உரிமம் நிரலைப் பற்றி மட்டுமே பேச வேண்டும், வன்பொருள் எவ்வாறு அமைய வேண்டும் என்பதில் தலையிடக் கூடாது என்பது அவர் வாதம். லினக்ஸ் கருனி இரண்டாம் பதிப்பு உரிமத்திலேயே நீடிக்கிறது.

திறந்த மூலநிரலும் பாதுகாப்பும்

மூலநிரலைப் பலர் படிக்க முடிவதால் கட்டற்ற மென்பொருள் தானாகவே பாதுகாப்பானது என்னும் கூற்று பரவலாக உள்ளது. வரலாறு இதனை முழுமையாக ஆதரிக்கவில்லை.

2006 ஆம் ஆண்டு டெபியனில் ஓப்பன்எசுஎசுஎல் பொதியில், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையைத் தவிர்ப்பதற்காகச் செய்யப்பட்ட சிறு மாற்றம், மறைகுறித் திறவுகோல்களை எளிதில் ஊகிக்கத்தக்கவை ஆக்கிவிட்டது. ஒரே வகையும் நீளமும் கொண்ட திறவுகோல்களில் 32,768 வெவ்வேறு வடிவங்களே தோன்ற முடிந்தன. 2008 மே மாதம் வரை இது எவர் கண்ணிலும் படவில்லை. மாற்றும் சுதந்திரமே இங்குக் குறைக்குக் காரணமாயிற்று. அதே மென்பொருளில் 2014 ஆம் ஆண்டு ஏப்ரலில் வெளிப்பட்ட ஆர்ட்பிளீடு என்னும் ஓட்டை, உலகம் முழுவதும் பயன்படும் ஒரு நிரலை மிகச் சிலரே பராமரித்து வந்ததை வெளிக்காட்டியது.

2024 ஆம் ஆண்டு மார்ச்சு 29 அன்று, எக்சுஇசட் என்னும் தரவுச் சுருக்க மென்பொருளின் இரு பதிப்புகளில் கள்ளவழி ஒன்று புகுத்தப்பட்டிருந்தது வெளிப்பட்டது. நீண்ட காலம் பங்களித்துப் பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் பெயரில் அது சேர்க்கப்பட்டிருந்தது. தொலைநுழைவு வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதைக் கவனித்த ஆண்ட்ரெசு பிராய்ண்ட் என்னும் பொறியாளர், காரணத்தைத் தேடி அதனைக் கண்டுபிடித்தார். மூலநிரலும் கட்டமைப்பு முறையும் திறந்திருந்ததாலேயே, அம்மென்பொருளோடு தொடர்பற்ற ஒருவரால் இதை ஆராய முடிந்தது.

இவற்றிலிருந்து, ஆராயும் சுதந்திரம் பாதுகாப்பிற்கு வாய்ப்பு அளிக்கிறதேயன்றி உறுதி அளிப்பதில்லை எனலாம். அவ்வாய்ப்பைப் பயன்படுத்த ஆட்களும் நேரமும் பொருளும் தேவை.

தமிழ்நாட்டில்

தமிழ்நாடு அரசின் மின்னணு நிறுவனமான எல்காட், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, 2006-2007 காலத்தில் தன் அலுவலகக் கணினிகளைச் சூசே லினக்சுக்கு மாற்றியது. உரிமக் கட்டணம், நச்சுநிரல் தொல்லை, ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருத்தல் ஆகியவற்றைத் தவிர்ப்பது இத்தகைய மாற்றங்களின் பொதுவான நோக்கமாகும். அண்டை மாநிலமான கேரளத்தில் பள்ளிகளுக்கான ஐடி அட் இசுகூல் திட்டமும் குனூ/லினக்சைப் பின்பற்றியது.

சிடாக் நிறுவனத்தின் சென்னை மையம், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சை 2007 ஆம் ஆண்டு வெளியிட்டது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க இடைமுகம் இதன் சிறப்பாகும். 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு எல்காட் வழியாக மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. இத்திட்டத்தின் மடிக்கணினிகளில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இடம்பெற்றது.

இயங்குதளத்தை மாற்றும் சுதந்திரத்தின் பயன், கணினி பழையதாகும்போது தெளிவாகத் தெரிகிறது. விண்டோசு 7 இன் ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோசு 10 இன் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. விண்டோசு 11 ஐ நிறுவப் பாதுகாப்பான தொடக்கத்திற்கான வசதியும் அதற்கென ஒரு பாதுகாப்புச் சில்லும் தேவை என்பதால், பழைய மடிக்கணினிகள் பலவற்றில் அது முறைப்படி இயங்காது. வன்பொருள் நல்ல நிலையில் இருந்தும் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோகின்றன. 2017 ஆம் ஆண்டு மே மாதம் பரவிய வானாகிரை தீநிரல், திருத்தம் செய்யப்படாத கணினிகளுக்கு நேரக்கூடியதை உணர்த்தியது. தொடக்கநிரல் திறக்கக்கூடியதாக இருந்தால், அத்தகைய மடிக்கணினியில் இன்றும் திருத்தங்கள் கிடைக்கும் ஒரு குனூ/லினக்ஸ் வழங்கலை நிறுவலாம். இங்குச் சுதந்திரம் பாதுகாப்பிற்கு எதிரானதாக இல்லாமல், பாதுகாப்பிற்கு எஞ்சியுள்ள ஒரே வழியாக அமைகிறது.

ஆலைக் கணினியும் வீட்டுக் கணினியும்

எல்லாக் கணினிகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதற்கு, கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலி போன்ற தொழில் நகரியம் எடுத்துக்காட்டாகும். 1956 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், 2016 முதல் என்எல்சி இந்தியா என அழைக்கப்படுகிறது. அதன் சுரங்கங்களையும் அனல் மின் நிலையங்களையும் ஒட்டி, பணியாளர்களுக்கான வீடுகளும் பள்ளிகளும் கொண்ட நகரியம் அமைந்துள்ளது.

நெய்வேலி புதிய அனல் மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறன் கொண்ட 2 அலகுகள் உள்ளன. இத்தகைய நிலையம் எதிலும் கொதிகலனையும் சுழலியையும் கட்டுப்படுத்தும் கணினியில், பணிநேரத்தில் அமரும் ஒருவர் விரும்பிய நிரலை நிறுவுவதை அனுமதிக்க இயலாது. அங்கு உரிமையாளர் நிறுவனமே, பணியாளர் அதன் சார்பில் இயக்குபவர். எனவே சாவி நிறுவனத்திடம் இருப்பது சுதந்திரத்தைப் பறிப்பதாகாது. இந்தியாவின் மத்திய மின்சார ஆணையம் 2021 ஆம் ஆண்டு வெளியிட்ட இணையப் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும், கட்டுப்பாட்டு அமைப்புகளை இணையத்திலிருந்து பிரித்து வைப்பதை வலியுறுத்துகின்றன.

இதன் தேவையை உணர்த்திய நிகழ்வு தமிழ்நாட்டிலேயே நடந்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிகளுக்கான, இணையத் தொடர்புடைய கணினி ஒன்றில் தீநிரல் கண்டறியப்பட்டதை, 2019 ஆம் ஆண்டு அக்டோபர் 30 அன்று இந்திய அணுமின் கழகம் உறுதி செய்தது. அக்கணினி உலையின் கட்டுப்பாட்டு வலையமைப்பிலிருந்து தனித்திருந்தது என்றும், உலை அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்றும் அது தெரிவித்தது.

பணி முடிந்து அந்தப் பணியாளர் வீடு திரும்பியதும் நிலை மாறுகிறது. அவர் வாங்கிய கணினியும் அவருடைய மகளுக்குப் பள்ளியில் கிடைத்த மடிக்கணினியும் அவர்களுக்கே உரியவை. நகரியக் குடியிருப்பில் வாழ்பவர், சுவரை இடிக்க நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்பதையும், ஓய்வு பெற்றதும் வீட்டின் சாவியை ஒப்படைக்க வேண்டும் என்பதையும் அறிந்தே குடியேறுகிறார். விலை கொடுத்து வாங்கிய சொந்த வீட்டிற்கு அவர் அத்தகைய நிபந்தனையை ஏற்கமாட்டார். விற்ற பின்னும் சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் கருவி உற்பத்தியாளர், சொந்த வீட்டைக் குடியிருப்பாக மாற்றிவிடுகிறார். பொதுமக்கள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு வீட்டுக் கருவிகளையும் நிறுவனக் கருவிகளையும் வேறுபடுத்துவது இக்காரணத்தை ஒட்டியதே.

எதிர்வாதங்கள்

சாவி உரிமையாளரிடமே இருக்க வேண்டும் என்னும் கொள்கைக்குப் பாதுகாப்பு வல்லுநர்கள் சில எதிர்வாதங்களை முன்வைக்கின்றனர்.

• உரிமையாளரால் பூட்டைத் திறக்க முடியுமானால், அவரை ஏமாற்றித் திறக்கச் செய்யவும் முடியும். வங்கி அலுவலர் போலத் தொலைபேசியில் பேசிச் செயலிகளை நிறுவச் செய்யும் மோசடிகள் இதற்குச் சான்று.
• பெரும்பாலான பயனர்கள் மூலநிரலை மாற்றுவதில்லை. சிலருக்கான வசதிக்காகப் பலரை ஆபத்திற்கு உள்ளாக்குவது முறையன்று.
• தாக்கப்பட்ட ஒரு கணினி அதன் உரிமையாளரை மட்டுமன்றி, வலையமைப்பிலுள்ள பிறரையும் தாக்கப் பயன்படுகிறது.

2025 ஆம் ஆண்டு ஆகத்தில் கூகுள், சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் செயலிகளின் உருவாக்குநர்கள் தம் அடையாளத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் திட்டத்தை அறிவித்தபோது, இத்தகைய மோசடிகளையே காரணமாகக் காட்டியது. கட்டற்ற செயலிகளின் களஞ்சியமான எஃப்-டிராய்டு அதனைக் கடுமையாக எதிர்த்தது. அதே ஆண்டு நவம்பரில், ஆபத்தை அறிந்து ஏற்கும் பயனர்களுக்குத் தனி வழி அமைக்கப்படும் என்று கூகுள் தெரிவித்தது.

மறுபுறம், சாவியை நிறுவனத்திடம் விடுவதும் ஆபத்தற்றதன்று. இன்டெல் செயலிகளுடன் வரும் மேலாண்மைப் பொறி என்னும் துணை அமைப்பு, உரிமையாளரால் ஆராயவோ முழுமையாக நீக்கவோ இயலாத மூடிய நிரலைக் கொண்டது. அதனைச் சார்ந்த தொலை மேலாண்மை வசதியில் பல ஆண்டுகளாக இருந்த ஓட்டை ஒன்று 2017 ஆம் ஆண்டு மே மாதம் வெளிப்பட்டது.

சமநிலைக்கான நெறிகள்

மேற்கண்ட அனுபவங்களிலிருந்து கட்டற்ற மென்பொருள் உருவாக்குநர்களிடையே பின்வரும் நெறிகள் ஓரளவு பொதுவாக ஏற்கப்பட்டுள்ளன.

• இயல்பிருப்பில் பாதுகாப்பு: ஒன்றும் அறியாத பயனருக்கும் பாதுகாப்பான அமைப்பே முதலில் கிடைக்க வேண்டும்.
• வெளியேறும் வழி: அறிந்து விரும்பும் உரிமையாளர் அவ்வமைப்பை மாற்ற இயல வேண்டும். தொலைவிலிருந்து செய்ய இயலாதபடி, நேரில் உறுதிப்படுத்தும் முறை இதற்கு ஏற்றது.
• மாற்றிய பின்னும் பூட்டும் வசதி: சுதந்திரத்தைப் பயன்படுத்தியவர் பாதுகாப்பை இழக்கக் கூடாது. தன் திறவுகோலால் மீண்டும் பூட்டிக்கொள்ள இயல வேண்டும்.
• நிரல்களைத் தனிமைப்படுத்தல்: ஒரு நிரலை மற்றொரு நிரலிடமிருந்து காக்கும் வேலிகள், உரிமையாளரின் அதிகாரத்தைத் தொடாமலே பாதுகாப்பை உயர்த்துகின்றன.
• மீளுருவாக்கத்தக்க பொதிகள்: வெளியிடப்பட்ட மூலநிரலிலிருந்தே பொதி உருவானது என்பதை எவரும் தாமே உருவாக்கி ஒப்பிட்டுச் சரிபார்க்க இயல வேண்டும். டெபியன் திட்டத்தில் 2013 முதல் இதற்கான பணி நடைபெற்று வருகிறது.

இந்நெறிகள் சுதந்திரத்தோடு பொறுப்பையும் பயனரிடம் ஒப்படைக்கின்றன. சாவியை வைத்திருப்பவர் இற்றைப்படுத்தல்களை உரிய காலத்தில் நிறுவுதல், அறியாத களஞ்சியங்களைத் தவிர்த்தல், முக்கியக் கோப்புகளுக்குப் படி வைத்திருத்தல் ஆகியவற்றையும் தாமே செய்ய வேண்டியவராகிறார். பள்ளிகளில் கணினிக் கல்வி, மென்பொருளைப் பயன்படுத்தும் முறையோடு இவற்றையும் கற்பிக்கும்போதுதான் இச்சுதந்திரம் மாணவர்களுக்குப் பயன் தரும்.

இவற்றையும் பார்க்க

• கட்டற்ற மென்பொருள்
• குனூ பொதுமக்கள் உரிமம்
• லினக்ஸ் கருனி
• பாஸ் லினக்ஸ்
• எல்காட்
• எண்ணிம உரிமைக் கட்டுப்பாடு
• நெய்வேலி